ஆவுளியா வாயில் முளைத்த நெல்

“ஏ முத்து! ஓடியா புள்ள! ஆவுளியா மேயுது!”

உள்ளேயிருந்து செலினா போட்ட சத்தம் வாசல் வேப்பமரம் வரைக்கும் கேட்டது. நான் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி, குடையை உதறிக்கொண்டு நின்றேன். செலினா எங்கள் மியூசியத்தில் கூட்டிப் பெருக்குகிறவள். என் வயசுக்காரி. என்னை ஓட வைப்பதில் அவளுக்கு ஓர் ஆனந்தம்.

“மேயட்டும், மேஞ்சுட்டுத் தண்ணியும் குடிக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே நிதானமாக உள்ளே போனேன். போய்ப் பார்த்தால், நிஜமாகவே மேய்ந்துகொண்டிருந்தது.

ஆவுளியா என்றால் கடல்பசு. எங்கள் கடற்கரையில் அதற்கு அதுதான் பெயர். ஓர் ஆளைவிட நீளம், சாம்பல் உடம்பு, துடுப்பு மாதிரி இரண்டு கை, கீழே பார்த்துத் தொங்கும் பெரிய மூஞ்சி. கடலடியில் புல் மேய்ந்து வயிறு வளர்க்கும் சாதுப் பிராணி. எங்களிடம் இருந்தது செத்தது. தோலை உரித்துப் பாடம் செய்து, உள்ளே வைக்கோல் அடைத்து, கூடத்தின் நடுவில் மேடை போட்டு ஏற்றி வைத்திருந்தோம்.

அந்தச் செத்த பிராணியின் உதட்டுக்கு இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு நாற்று நீட்டிக்கொண்டிருந்தது. வெளிறிய பச்சை. அசல் நெல் நாற்று.

“மாதாவே!” என்று செலினா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

அன்றைக்குத்தான் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். இந்த ஆவுளியாவை அவர் பார்த்து நல்ல வார்த்தை சொன்னால் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

தொடுவதற்குச் சம்பளம்

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. பாம்பனுக்கு அப்போது ரோடு பாலம் கிடையாது, ரயில்தான். ராமேசுவரம் போகிற யாத்திரைக்காரர்கள் ரயிலைத் தவறவிட்டால் அடுத்த ரயில் வரைக்கும் என்ன செய்வார்கள்? எங்கள் மியூசியத்துக்கு வருவார்கள். கடலுக்கு இந்தக் கரையில், ஓட்டுக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம். இப்போது அந்தக் கட்டடமே இல்லை. உள்ளே கண்ணாடிச் சாடிகளில் மீன், நண்டு, கடல் அட்டை. பீரோக்களில் சங்கும் சோழியும். சங்கு பீரோவின் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் ஒரு யாத்திரைக்காரரும் போனதில்லை. அந்த விரல் ரேகைகளைத் தினமும் துடைத்தவள் நான்.

நான் கடற்கரைக்காரி அல்ல. அபிராமம் பக்கத்தில் கரிசல் காட்டு ஊர். மதுரையில் விடுதியில் தங்கி விலங்கியல் படித்தேன். அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர் எங்கள் ஊர்க் கண்மாய்தான், அதுவும் நிறைந்த வருஷத்தில். வேலைக்குச் சேர்ந்த அன்று கடலைப் பார்த்துவிட்டு, “இம்புட்டுத் தண்ணி இங்கன சும்மா கெடக்கே” என்று செலினாவிடம் சொன்னேன். வருஷக்கணக்கில் அதைச் சொல்லியே என்னைக் கேலி செய்தாள்.

மியூசியத்துச் சாமான்களையெல்லாம் கையால் தொட்டால் எப்படி இருக்கும் என்று இந்தத் தொடரின் போன வாரத்து அத்தியாயத்தைப் படித்த வாசகி ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. சுவரெல்லாம் ‘தொடாதீர்கள்’ என்று பலகை. எனக்கு மட்டும் தொடுவதற்கே சம்பளம்!

சுறாத் தோலைத் தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் வழுவழு என்று போகும். திருப்பித் தடவினால் உப்புத்தாள், உள்ளங்கையைப் பிறாண்டிவிடும். காய்ந்த கடல்குதிரைக்கு எங்கள் ஊர் மிளகாய் வத்தலின் கனம்கூட இருக்காது. ஆமை ஓடு சித்திரை மாசத்து உச்சி வெயிலிலும் குளுகுளுவென்று இருக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு நான் நின்றதுண்டு. சாடியிலிருந்து எடுக்கிற மீன் மட்டும் ரப்பர் மாதிரி விறைத்து இருக்கும். அதற்கு ஊற்றும் மருந்து கையில் பட்டால் தோல் உரியும், வாடை குளித்தாலும் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து இடம் எப்போதும் காலி. ஊருக்குப் போனால் அம்மா, “அந்தக் கையோட ஆட்டுக்கல்லத் தொடாத” என்பாள். தப்பித்தேன் என்று உட்கார்ந்துகொள்வேன்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வேலையை நான் காதலித்தேன். அது கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்திலேயே ஒவ்வொரு மாதமும் கழிந்தது.

மாசியில் ஒதுங்கியது

அந்த வருஷம் மாசியில் காற்று கடுமையாக அடித்து ஓய்ந்த காலை, செலினாவின் வீட்டுக்காரர் ஓடிவந்து சொன்னார், ஆவுளியா ஒன்று செத்துக் கரை ஒதுங்கியிருக்கிறது என்று. அதைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்ட காலம். “முன்னயெல்லாம் எங்காளுக கறியாக்கித் திம்பாக. இப்பத் தொட்டா கேசு” என்றாள் செலினா.

மியூசியப் பொறுப்பாளர் ஜெயபாலன் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. அனுமதியெல்லாம் வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். தோலைப் பாடம் செய்கிற வித்தை அவருக்குத் தெரியும். உப்பும் படிகாரமும் போட்டு ஊறவைத்து, காயவைத்து, கம்பியில் கூடு கட்டினார். உள்ளே அடைப்பதற்கு மரச்சீவல் கேட்டு எழுதிப் போட்டிருந்தார். அது வருகிற வழியாக இல்லை. தோல் காய்ந்துகொண்டே போனது.

“முத்து, உங்க வீட்ல வைக்கோல் இருக்குமா?” என்று கேட்டார். “நீளமா, முறியாம இருக்கணும். தூசியா இருக்கக் கூடாது.”

“எங்க வீட்ல வேற என்ன சார் இருக்கு?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, “இது நல்லபடியா நின்னுட்டா, அதைக் காட்டியே உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லிக் கேட்பேன்” என்றார். அன்றிலிருந்து அந்தக் கடல்பசு எனக்கு வீட்டு மாடு மாதிரி ஆகிவிட்டது.

மாடு மிதிக்காத வைக்கோல்

எங்கள் ஊரில் அப்போது கதிரடிப்பு நேரம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கதிர்க்கட்டைக் களத்தில் ஓங்கி அடித்தால் பெரும்பாலான நெல் உதிர்ந்துவிடும். அதுதான் தலையடி. அப்படியும் ஒட்டிக்கொண்டிருக்கிற மணிகளை உதிர்க்க, வைக்கோலைப் பரப்பி மாடுகளைக் கட்டி மிதிக்க விடுவார்கள். மாடு மிதித்த வைக்கோல் நைந்து, மெதுமெதுவென்று, துண்டு துண்டாக ஆகிவிடும். மாடு தின்ன அதுதான் வசதி.

ஆனால் நான் சொல்லி அனுப்பியது ‘நீளமா, முறியாம’ என்று. எங்கள் அய்யா, அதாவது அப்பா, சொன்ன சொல்லைத் தட்டாத மனுஷர். தலையடியோடு நிறுத்திய கட்டுகளாகப் பார்த்து எடுத்து, பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

“மாடு விடல ஆத்தா” என்றார். எங்கள் பக்கம் மகளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். “மாடு மிதிச்சா முறிஞ்சு போகும். கதிருல கொஞ்சம் மணி ஒட்டிக் கெடக்கும். கெடக்கட்டும். ஒரு சீவனோட வயித்துக்குள்ள போறது, வெறும் வைக்கோலாவா குடுக்குறது?”

“அது செத்துருச்சுய்யா.”

“செத்தா வயிறு இல்லயா?”

நான் கட்டுகளை உள்ளே தூக்கிக்கொண்டு போனேன்.

சார் வைக்கோலை உருவிப் பார்த்து, “பிரமாதம்!” என்றார். வயிற்றுப் பக்கம் அவர் அடைத்தார். கழுத்தும் வாயும் குறுகலாக இருந்ததால் அங்கே என் கைதான் போனது. தோள் வரைக்கும் கையை ஆவுளியா வாய்க்குள் விட்டு, இண்டு இடுக்கெல்லாம் வைத்துக் குத்திக் குத்தி இறுக்கினேன். “கடிச்சிரப் போவுது புள்ள” என்று செலினா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அய்யா மேடையருகே குந்தி உட்கார்ந்து, தன் வைக்கோல் ஒரு பிராணியாக எழும்புவதைப் பார்த்து ரசித்தார்.

மணியை உதறிவிட்டு அடைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடலைப் படித்தவர் சார், காட்டில் பிறந்தவள் நான், இரண்டு பேருக்கும்தான்.

பாய்த் துணிக்கு அடியில்

புரட்டாசியில் ஆய்வு என்று தகவல் வந்தது. கட்டடத்துக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. ஆவுளியா மேல் சுண்ணாம்பு தெறிக்கக் கூடாதென்று செலினா தன் வீட்டுக்காரரின் வள்ளத்து, அதாவது படகின், பழைய பாய்த் துணியைக் கொண்டுவந்து தலையோடு காலாகப் போர்த்திவிட்டாள். அந்த வாரமெல்லாம் கடற்கரை ஓரமாக மழை. ஓடு ஒழுகியது. ஒழுகிய தண்ணீர் நேராக அதன் மூஞ்சி மேல் சொட்டி, பாய்த் துணி நனைந்து, உள்ளே கதகதவென்று இருந்திருக்கிறது. வாய்க்குள் கடைசியாக வைத்த வைக்கோலில் உப்பும் இல்லை, படிகாரமும் இல்லை. நெல்லுக்கு வேறென்ன வேண்டும்? ஆய்வு நாள் காலையில் செலினா துணியை விலக்கினாள். மேய்ந்துகொண்டிருந்தது.

சார் வந்தார். பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“பிடுங்கும்மா! சீக்கிரம் பிடுங்கித் தூரப் போடு! அவங்க ராமநாதபுரம் தாண்டியிருப்பாங்க!”

நான் கையை நீட்டினேன்.

“ஆத்தா! கைய எடு!”

வாசலில் அய்யா நின்றார். தோளில் துண்டு, கையில் மிளகாய் வத்தல் பை. சாருக்குக் கொடுப்பதற்காக எப்போதாவது அப்படிக் கொண்டுவருவார். வர வேண்டிய நாளா இது?

மேடையருகே வந்து, குனிந்து, அந்த நாற்றை விரல் படாமல் பார்த்தார். “நம்ம நெல்லு” என்றார்.

எங்கள் ஊரில் மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். அய்யாவும் விதைத்திருந்தார். கடலோரம் கொட்டிய மழை எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

“ஐயா, தயவு பண்ணுங்க” என்று சார் எழுந்து வந்தார். “பெரிய அதிகாரி வர்றாங்க. உங்க பொண்ணு வேலையே இதுலதான் இருக்கு.”

“வரட்டுங்கய்யா. நாத்து என்ன பாவம் செஞ்சுச்சு? வெதச்சது அம்புட்டும் மண்ணுல கெடக்கு, எறும்பு இழுத்துட்டுப் போவுது. ஒத்த மொள காணல. இங்கன, இந்த வாயில்லாச் சீவன் வாயில மொளச்சு நிக்கிறதப் புடுங்கி எறியச் சொல்றீகளே. நாத்தப் புடுங்குனா நடணும். எறியப்படாது.”

எனக்கு அழுகை வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. மகள் பிழைப்பு அந்தரத்தில் தொங்குகிறது, இவர் நாற்றுக்கு வக்கீலாக வந்து நிற்கிறாரே! கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்தது.

“சரிய்யா. நடுவோம். வேரோட எடுத்துத் தாரேன், கொண்டு போங்க. ஆனா சட்டுனு சொல்லுங்க, எப்பிடி எடுக்கணும்?”

அவர் கை தடிமன், அந்த வாய்க்குள் போகாது. மறுபடியும் நான்தான் தோள் வரைக்கும் கையை விட்டேன். அய்யா துண்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். “வேரு வைக்கோலோட பின்னிக் கெடக்கும். அறுத்துராத. வைக்கோலோட சேத்து மெல்ல இழு. ஆங், அப்பிடித்தேன்.”

பாதி நாற்று வந்திருக்கும். என் முகம் ஆவுளியாவின் கன்னத்தோடு ஒட்டியிருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. செலினா மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு பெண் குரல்.

“இங்கே என்ன நடக்குது?”

“பேசாதீக தாயி, வேரு அறுந்துரும்” என்றார் அய்யா, திரும்பிப் பார்க்காமலே. “இதக் கொஞ்சம் புடிங்க” என்று ஈரத் துண்டை அந்தம்மா கையில் கொடுத்துவிட்டார்.

சென்னை அதிகாரி வாங்கிக்கொண்டார்! கைத்தறிப் புடவையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, அதை ஏந்திக்கொண்டு நின்றார். ஜெயபாலன் சார் அந்த நேரத்தில் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்று பின்னால் கேட்டேன். எல்லாச் சாமியையும்தான் என்றார்.

அதிகாரியின் கை

கடைசி நாற்றும் வெளியே வந்த பிறகுதான் நான் நிமிர்ந்தேன். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. மாடு மிதிக்காத வைக்கோல், ஒழுகின ஓடு, பாய்த் துணி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அந்தம்மா முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

கைக்கடிகாரத்தைக் கழற்றி செலினாவிடம் கொடுத்தார். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, தன் கையை ஆவுளியா வாய்க்குள் விட்டார். உள்ளே அழுத்திப் பார்த்தார். விலாவில் தட்டிப் பார்த்தார். வயிற்றுத் தையலில் விரலை ஓட்டினார். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிழைப்பு அந்த விரல் நுனியில் போய்க்கொண்டிருந்தது.

“கழுத்துப் பக்கம் யார் அடைச்சது?”

“நான்தான் மேடம்.”

“எங்கேயும் தொய்யலை. நல்லா அடைச்சிருக்கே.” கையை உருவிக்கொண்டு வைக்கோல் துணுக்கைத் தட்டிவிட்டார். “அடுத்த தடவை நெல்லை உதறிட்டு அடை.”

அடுத்த தடவை! அந்த இரண்டு வார்த்தைதான் என் காதில் விழுந்தது. அதற்கப்புறம் கூரையைப் பற்றி அவர் சாரைக் கேட்ட கேள்வியெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. செலினா என் இடுப்பில் கிள்ளினாள்.

கிளம்பும்போது அந்தம்மா அய்யாவிடம் நின்றார். “கொண்டுபோய் நட்டா வந்துருமா?”

“கெணத்துல கொஞ்சம் தண்ணி கெடக்கு தாயி. வெயில் காணாத பயிரு, மொதல்ல சுணங்கும். அப்பறம் வந்துரும்.”

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அய்யா ஈரத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு போனார். மிளகாய் வத்தல் பையைக் கொடுக்க மறந்து, அதையும் திரும்பக் கொண்டுபோய்விட்டார்.

தை பிறந்தது

வேலை உத்தரவு மார்கழிக் கடைசியில் வந்தது. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். வழியெல்லாம் காடு வெறிச்சென்று கிடந்தது. விதைத்த புழுதி விதைத்தபடியே கிடந்தது.

கிணற்றடியில் மட்டும், ஒரு பாய் விரிக்கிற இடத்தில், நெல் தாளாக நின்றது. கதிரை அறுத்தாகிவிட்டது. தினமும் வாளியில் மொண்டு ஊற்றி, குருவி வராமல் காவல் காத்து, அய்யா அதைக் கைப்பிள்ளையாக வளர்த்திருந்தார்.

அம்மாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. “செத்த மிருகத்து வாயில மொளச்சதப் பொங்கப் பானையில போடுறதா? நல்லாருக்கா இது?”

“எந்தக் காட்டுல செத்தது இல்ல?” என்றார் அய்யா. “ஆடும் மாடும் செத்து எருவாகித்தானே வெளையுது. நம்ம நெல்லு. போடு.”

அம்மா முணுமுணுத்துக்கொண்டே அந்தப் புது அரிசியைப் பழைய அரிசியோடு கலந்து போட்டாள். பானை பொங்கியது. அந்த வருஷம் எங்கள் ஊரில் புது அரிசி போட்டுப் பொங்கின வீடு எங்கள் வீடு ஒன்றுதான். அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய் வாங்கிப் போனார்கள், பிரசாதம் மாதிரி.

மறுநாள் விடிந்ததும் நான் வேலைக்குக் கிளம்பினேன். யாத்திரைக் கூட்டம் வருகிற நாள், மியூசியம் திறந்தாக வேண்டும். அய்யா ஒரு வாழையிலைப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். உள்ளே பொங்கல்.

“எனக்கா?”

“ஒனக்கு அப்பறம். இன்னைக்கு மாட்டுப் பொங்கலு. மாட்டுக்குக் குடுக்காம நாம திங்கப்படாது. அந்தக் கடல்மாட்டுக்கு ஒரு வாய் வச்சுரு.”

கூட்டம் வருவதற்கு முன் கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு, பொட்டலத்தைப் பிரித்தேன். ஓர் உருண்டை எடுத்து ஆவுளியாவின் உதட்டில் வைத்தேன். செலினா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏ புள்ள, சார் பாத்தா என்ன சொல்லுவாரு?”

“என்னத்தையும் சொல்லட்டும் செலினா. நான் இப்பப் பெர்மனென்ட்டு.”

மிச்சப் பொங்கலை நாங்கள் இரண்டு பேரும் மேடையில் சாய்ந்து நின்றே தின்றோம். அப்புறம் ஈரத்துணியை எடுத்து அதன் வாயைத் துடைத்தேன். இந்தத் தடவை ஒரு பருக்கைகூட உள்ளே விடவில்லை.